ஆடு வாய் வைக்காத செடிகள்

எங்கள் ஊரில் செடி வளர்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் எல்லாரும் டைட்டஸ் அண்ணனைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆடு வாய் வைக்காத செடிகள். ஆடு தின்கிற செடி எது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாயிற்று, ஓர் ஆமையும் வேண்டியிருந்தது.

பூதப்பாண்டியிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகிற வழியில், வயல் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு சிறிய மிஷன் கோயில், பக்கத்தில் பள்ளிக்கூடம், பின்னால் கல்லறைத் தோட்டம். பள்ளிக்கூடத்து வாத்திச்சி நான், ராகேல். கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, யாராவது இறந்தால் குழி வெட்டுவது, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் டைட்டஸ் அண்ணனின் வேலை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆகவே நான் எழுதுவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி சுவர் வழியாகக் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. முள்வேலியும் ஒரு மரக்கதவும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தாணம்மாள் வீடு. அவளுக்குப் பதினொரு ஆடுகள். அந்தப் பதினொன்றும் எங்கள் சபையின் இறந்தவர்கள் மேல் வளர்ந்ததையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. டைட்டஸ் அண்ணன் ரோஜா வைத்துப் பார்த்தார், துளசி வைத்துப் பார்த்தார், ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லெறிந்தார், கத்தினார், மூன்று தடவை ஆடுகளைப் பிடித்து, அபராதம் கட்டி மீட்க வேண்டிய சர்க்கார் பவுண்டில் கொண்டுபோய் அடைத்தார். ஒருதடவை எறிந்த கல்லில் ஒரு குட்டியின் கால் ஒடிந்தது. அதோடு தாணம்மாளுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. கடைசியில் அவர் வழியை மாற்றிக்கொண்டார். வேலியோரம் அரளி, மூலைகளில் எருக்கு, கோயில் வாசலுக்குக் குரோட்டன்ஸ், கல்லறைகளைச் சுற்றி வரிசை வரிசையாக நித்தியகல்யாணி. ஆடு மோந்து பார்க்கும், தும்மும், போய்விடும். வருஷம் முழுக்கப் பூ. பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள்கூட வந்து நாற்று வாங்கிப்போனார்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிரண்டில் எங்கள் பக்கம் வாந்திபேதி வந்தது. மூன்று வாரத்தில் டைட்டஸ் அண்ணன் பதினான்கு குழி வெட்டினார். பன்னிரண்டாவது குழி லீலாபாய்க்கு. அவருடைய ஒரே மகள், ஆறு வயது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை போய்விட்டது. தாய் நேசம்மாளும் அதே நோயில் நினைவு தப்பிக் கிடந்தாள். நோயில் செத்தவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. குழி வெட்ட வேறு ஆளும் வரவில்லை. அவரே வெட்டினார், அவரே இறக்கினார், அவரே மூடினார். மூடிவிட்டு, எல்லாக் கல்லறைகளுக்கும் செய்வது போலவே சுற்றி நித்தியகல்யாணி நட்டுத் தண்ணீர் ஊற்றினார். வேறு என்ன செய்வது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. கைக்குப் பழகிய வேலையைக் கை செய்தது.

பன்னிரண்டு நாள் கழித்து நேசம்மாள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போனாள். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை, தலை வாரிவிடவில்லை, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவில்லை. அவள் பார்த்தது வேர் பிடித்து, மொட்டு விட்டு, அளந்து வைத்தாற்போல் நின்ற செடிகளைத்தான். திரும்பி வந்தவள் அன்று முதல் கணவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. சோறு பொங்கினாள், கஞ்சி வைத்தாள், அவர் வேட்டியைத் துவைத்துப் போட்டாள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றால் சுவர்மேல் எட்டிப்பார்த்து என்னிடம் சொல்லுவாள், நான் அவரிடம் சொல்லுவேன். மூன்று வருஷம் நான் அந்த வீட்டுக்குத் தபால்காரி. ஒருநாள் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே டைட்டஸ் அண்ணன் என்னிடம், அவள் நல்ல வார்த்தை சொல்ல வேண்டாம், நாலு வார்த்தை ஏசினாலே போதும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆயிரத்து நூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மழையில், வயலுக்குத் தண்ணீர் பாயும் சானல் கரை புரண்டு ஓடியது. துணி துவைக்கப் போன நேசம்மாள், கரையோர நாணலில் ஓர் ஆமை மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு கிடப்பதைக் கண்டாள். நீராமை அல்ல, மலையடிவாரத்துப் பொட்டலில் திரிகிற கட்டாமை. இரண்டு கை சேர்த்துக் குவித்தால் அடங்குகிற அளவு. கறுத்த ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிராக விரிந்திருக்கும். ஈரத் துணியைக் கரையிலேயே போட்டுவிட்டு அதை முந்தியில் கட்டி எடுத்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப்புறமிருந்து அவள் குரல் கேட்டது.

"தின்னு மக்கா. ஒருவாய் தின்னு மக்கா. நான் எங்கயும் போகல்ல, தின்னு."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எட்டிப்பார்த்தேன். அடுக்களைக்குள் அவள் கீரைத் தண்டை நீட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். வாசலுக்கு வெளியே டைட்டஸ் அண்ணன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனால் அந்தப் பேச்சு நின்றுபோகும் என்று பயம். குடத்தைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று அதையும் வைக்கவில்லை. லீலாபாய் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் 'மக்கா' என்ற சொல் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் விட்டுவிட்டோம் என்று ஞானஸ்நானத்தில் தண்ணீர் தொட்டுச் சொன்ன சபையார், அந்த ஒன்றை மட்டும் விடவில்லைபோல. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருவர், கோயில் வேலைக்காரன் வீட்டிலேயே இப்படி இருந்தால் எப்படி என்று கேட்டார். டைட்டஸ் அண்ணன் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினார்.

"எங்க வீட்டுல இனி கெடுகதுக்கு என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஆமை வீட்டில் நிற்கிற பிறவியா? ஒருநாள் வாசலைத் தாண்டிப்போய் மாட்டுவண்டித் தடத்தில் உட்கார்ந்திருந்தது. அரை முழ இடைவெளியில் சக்கரத்துக்குத் தப்பியது. நேசம்மாள் அதை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்ட அவர், மறுநாளே கிணற்றடிக்கும் என் சுவருக்கும் நடுவே அதற்கு ஒரு தொழுவம் கட்ட ஆரம்பித்தார். இரண்டடி உயரத்தில் கல்கட்டு. ஆமை தோண்டும் என்று தரைக்குக் கீழேயும் ஒரு சாண் கல். வெயிலுக்கு ஒதுங்க ஓலைக் கூரை, தண்ணீருக்குத் தாழ்வான சட்டி. எட்டு நாள் வேலை. மனைவிக்கு அவர் கடைசியாக ஒன்று செய்துகொடுத்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் இருந்திருக்காது.

பிறகு அதற்குள் செடி வைத்தார். தவறு அங்கேதான் நடந்தது. ஆமை இலை தின்கிற ஜீவன், வைத்ததையெல்லாம் தின்றுவிட்டால் தொழுவம் மொட்டையாகிவிடும், நேசம்மாள் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார். தீனிதான் அவள் கையாலேயே கொடுக்கிறாளே. ஆகவே எதுவும் வாய் வைக்காத செடியாகப் பார்த்து வைத்தார். சுற்றிலும் நித்தியகல்யாணி, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று மாறி மாறி. ஓரத்தில் இரண்டு குரோட்டன்ஸ். கல்கட்டுக்கு வெளியே ஏற்கெனவே அவருடைய பழைய அரளி நின்றது. இருபது வருஷமாக எது நல்ல செடி என்று கேட்டால் அவருக்குத் தோன்றுவது அதுதான், பாவம். நானும் சுவரில் கைவைத்துக்கொண்டு, பிரமாதம் அண்ணா என்று பாராட்டினேன். படித்தவள்தானே நான், எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

நேசம்மாள் வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி உள்ளே போனாள். அவர் முகம் விழுந்துவிட்டது. அந்த வரிசையையும் அந்த இடைவெளியையும் அவள் வேறு எங்கே பார்த்திருக்கிறாள் என்பது எனக்கே அன்றிரவு படுத்த பிறகுதான் புரிந்தது.

ஆடு மோந்து பார்த்து விலகும். ஆமை அப்படி விலகவில்லை. நேசம்மாள் கொடுத்தது போக மிச்ச நேரத்தில், எட்டிய இலையையெல்லாம் கடித்திருக்கிறது. மார்கழி இரண்டாவது வாரம் ஒரு காலையில் அது தலையை வெளியே நீட்டி மண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தது. வாயோரம் நுரை. தூக்கினால் நாலு காலும் தொங்கின. தூர் வரைக்கும் இலை போன நித்தியகல்யாணித் தண்டுகளை நேசம்மாள் பார்த்தாள். ஆமையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். அவர் வாளியோடு நின்றார். மூன்று வருஷம் கழித்து அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இதுவும் ஒங்க கையாலதானா?"

அவ்வளவுதான். ஏசினாலும் போதும் என்று அவர் காத்திருந்த வார்த்தை அப்படி வந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது.

அவர் வாளியை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குள் இறங்கி, வைத்த செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கி வெளியே எறிந்தார். பிறகு நேரே தாணம்மாள் வேலிக்குப் போனார். அவள் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவழிக் குடும்பம். அவளுக்குக் கடவுளைவிட ஆடு பெரிது என்று இவர் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார்.

"தாணம்மா, ஒனக்க ஆடு என்னதெல்லாம் ஆசப்பட்டுத் திங்கும்?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எதுக்குவே? அதுல வெசம் வைக்கதுக்கா?"

அவர் கோபப்படவில்லை. அழுதார். அந்தப் பதினொரு ஆடுகளுக்கும் முன்னால் நின்று, வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு விஷயத்தைச் சொன்னார். தாணம்மாள் கையிலிருந்த குழையைப் போட்டுவிட்டு, பின்னாலேயே வந்தாள். இவர்கள் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆமையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தடியில் விரல் வைத்தாள். உயிர் இருக்கிறது என்றாள். கை பொறுக்கிற வெந்நீரைத் தாழ்ந்த பாத்திரத்தில் ஊற்றி, கழுத்து முங்காமல் அதில் காலையும் மாலையும் வைக்கச் சொன்னாள். மலையடிவாரத்துச் சப்பாத்திக்கள்ளியெல்லாம் வெள்ளைப்பூச்சி விழுந்து செத்துப்போயிற்று, தின்ன ஒன்றுமில்லாமல்தான் இதுகள் கீழே இறங்குகின்றன என்பது அவள் கணக்கு. பிறகு டைட்டஸ் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆடு திங்குதுன்னு நம்பி எதையும் நட்டுப்போடாதியும். அது ஊமத்தையிலகூட ரெண்டு கடி கடிச்சிட்டுப் போவும். இது எங்கேருந்து வந்துதோ, அங்க போயிப் பாரும்."

மறுநாளிலிருந்து அவர் தாணம்மாளின் ஆடுகளுக்குப் பின்னால் மலையடிவாரத்துக்குப் போனார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற இடம் அது. தலையில் கட்டிய துண்டு பறந்து போகும். அங்கே பொட்டலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆமை வருகிறதா என்று பார்ப்பாராம். நாலு நாளில் மூன்று ஆமைகள் கண்ணில் பட்டன. ஒன்று அறுகம்புல்லை இழுத்துத் தின்றது. ஒன்று துத்தி இலையையும் அதன் மஞ்சள் பூவையும். மூன்றாவது தரையோடு படர்ந்த மூக்கிரட்டையை விடாமல் மேய்ந்தது. எது எதைக் கடித்ததோ அதை மண்ணோடு தோண்டிப் பனையோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் ஆமைக்குப் பின்னால் போனதில் மத்தியான மணியை மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய் அடித்தேன். கயிறு என்னையும் சேர்த்து மேலே தூக்கியது. நான் அடித்த தாறுமாறான மணியைக் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று பாதி ஊர் கூடிவிட்டது.

கொண்டுவந்ததை உடனே நட்டாரா என்றால் இல்லை. ஒவ்வோர் இலையையும் முதலில் தான் மென்று தின்றுவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்தார். ஆமைக்கும் மனுஷனுக்கும் ஒரே வயிறா என்று கேட்டேன். தனக்கு ஏதாவது வந்தால் அதற்குக் கொடுக்காமல் இருக்கலாமே என்றார். பல்லெல்லாம் பச்சை. சிரிப்பு வந்தது, சிரிக்க மனம் வரவில்லை. நிழலுக்குச் செம்பருத்தி வைக்கலாம், இலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் தின்னலாம் என்று தாணம்மாள் தன் வீட்டிலிருந்தே கம்பு ஒடித்துக் கொடுத்தாள். கடைசியில் அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே நின்ற அரளியிடம் போனார். காற்றுக்கு அதன் இலை உள்ளே விழும் அல்லவா? இருபது வருஷம் அவர் வளர்த்தது. அரை மணி நேரத்தில் வெட்டிச் சாய்த்து, ஓர் இலை விடாமல் பொறுக்கி, ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

அத்தனை நாளும் ஆமை ஒன்றும் தின்னவில்லை. நேசம்மாள் காலையும் மாலையும் அதை வெந்நீரில் வைத்து, துடைத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவரோடு பேச்சு திரும்பவும் இல்லை. கிணற்றடியில் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இருவருக்கும் நடுவே நின்றது. இது செத்தால் அவள் இனி வாயே திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப்புறம் அவள் கூப்பிடுகிற குரல் கேட்டது. வழக்கம்போல என்னைத்தான் என்று எழுந்தேன்.

"இஞ்ச வாருங்க. திங்குது, வந்து பாருங்க."

என்னை அல்ல. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எட்டிப்பார்த்தேன். அது தாணம்மாள் வீட்டுச் செம்பருத்தி இதழ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது, வாயெல்லாம் சிவப்பு. இரண்டு பேரும் குனிந்து ஒரு பக்கமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு என் தபால் வேலை முடிந்தது. சந்தோஷம்தான். ஆனாலும் எண்ணெய் தீர்ந்துபோன செய்திகூட இனி எனக்கு வராதே என்று ஒரு மூலையில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்துத் துளிர்விட்ட புதுத் தொழுவத்தில் அவர் களை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழுவத்தில் எது களை என்று அவருக்கே குழப்பம். நேசம்மாள் கல்கட்டுமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னது சன்னமாகத்தான் கேட்டது.

"இதுல ரெண்டு கம்பு பிள்ளைக்க மேலயும் வையுங்க. துத்தியும் வையுங்க."

அவர் நிமிர்ந்தார். "அங்க வைச்சா ஆடு தின்னுப்போடுமே."

"தின்னட்டும். அவகிட்டயும் ஏதாவது ஒண்ணு வந்து போகட்டும்."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் பின்னால் போனாள். லீலாபாயைச் சுற்றியிருந்த நித்தியகல்யாணியை இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். அன்று அவர் அவளிடம் அந்த நாளைப் பற்றிச் சொன்னார் என்று நேசம்மாள் பிறகு எனக்குச் சொன்னாள். பிள்ளைக்குத் தலை வாரி ரிப்பன் கட்டித்தான் இறக்கினாராம். பச்சை ரிப்பன். கோணலாகத்தான் வந்ததாம். மூன்று வருஷம் இதைச் சொல்ல அவருக்கு வழியே கிடைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷமாகிறது. டைட்டஸ் அண்ணன் இன்னும் மணி அடிக்கிறார், இன்னும் குழி வெட்டுகிறார். ஆமை இப்போது ஒரு சோற்றுப்பானை மூடி அளவு இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மற்ற எழுபத்திரண்டு கல்லறையிலும் ஆடு வாய் வைக்க ஒன்றும் கிடையாது. ஆகவே தாணம்மாளின் ஆடுகள் உள்ளே வந்ததும் அங்கே இங்கே பார்க்காமல் நேரே லீலாபாயிடம்தான் போகும். சுற்றி நின்று மேயும், குட்டிகள் அவள்மேல் ஏறிக் குதிக்கும். சனிக்கிழமைகளில் நேசம்மாள் ஆமையையும் முந்தியில் கொண்டுவந்து நடுவில் இறக்கிவிடுவாள். தின்றது போக மிச்சம் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். டைட்டஸ் அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கல்லெடுப்பதில்லை. வேலியின் மரக்கதவை அந்த வருஷமே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். என் கோழிக்கூட்டுக்கு அளவாக இருந்தது.